கோடு எந்தப் பக்கம்

ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்ற பொம்பளையைத் தனப்பிரியாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், தெரியாமலே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. வளவனின் பெண்டாட்டி ஜோதி. பார்த்து எட்டு வருசம் இருக்கும். முன்நெற்றி முடி பாதி நரைத்துப் போயிருந்தது. பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சேலம் வந்திருக்கிறாள், முகமெல்லாம் புழுதி.

"உள்ள வா ஜோதி. உக்காரு. தண்ணி குடிக்கறயா?"

"உக்கார வரலீங்கக்கா. எங்கூருக் கரட்டைக் கல்லு ஒடைக்க ஏலம் உட்டுட்டாங்க. திங்கக்கெழமை வெடி வெக்கறாங்களாம். மெசினெல்லாம் வந்து நிக்குது. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டே நாள். தனப்பிரியா மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"அவரு ஒருக்கா சொன்னாருங்க," என்றாள் ஜோதி. "எடுத்த கல்லை எடுத்த பொந்துலயே திரும்ப வெச்சுப் பாத்தா, தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சுபோயிருமாம். வெச்சுப் பாத்தீங்களாங்கன்னு கேட்டேன். வாயே தொறக்கலை. அந்தக் கல்லெல்லாம் உங்ககிட்டத்தான இருக்குது? நீங்க ஒருக்கா வெச்சுப் பாருங்கக்கா. கரடே போயிருச்சுன்னா அப்பறம் எந்தப் பொந்துல கொண்டுபோயி வெக்கறது?"

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சாண் கல்லுக்காக இவர்கள் எதற்கு இப்படிக் கிடந்து தவிக்கிறார்கள் என்று யாருக்கும் விளங்காது.

உருகிய கல் பூமிக்குள்ளிருந்து வெடிப்பு வழியாக மேலேறி வந்து ஆறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் கிடக்கும். அன்றைக்கு வடக்கு எதுவோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவை அப்படியே உறைந்து போய்விடும். அப்புறம் அந்த நிலம் கோடிக்கணக்கான வருசம் நகர்ந்து, திரும்பி, எந்தக் கடலைத் தாண்டிப் போனாலும் சரி, கல்லுக்குள் இருக்கிற முகம் திரும்பாது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்து கிடக்கிறது என்று அளந்துவிட்டால், கல் பிறந்த காலத்தில் இந்த மண் பூமியில் எங்கே கிடந்தது என்று சொல்லிவிடலாம். நாமக்கல் சீமை இருநூறு கோடி வருசத்துக்கு முன்னால் எங்கே இருந்தது, எந்த வழியாக நடந்து இங்கே வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வளவனுக்கும் தனப்பிரியாவுக்கும் வேலை. இரண்டு பேரும் ஒரே வருசம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு மாசி மாசத்தில் வளவன் ஊர்க் கரட்டில் இரண்டு பேருமாக ஒன்பது துளை போட்டார்கள். கரடு என்றால் சின்னக் குன்று, அவ்வளவுதான். கன்னங்கரேலென்ற கல். வளவன் மிஷினைப் பிடிப்பான், தனப்பிரியா குறி போடுவாள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கல்லுருளை துளைக்குள் நிற்கும், அடி மட்டும் இன்னும் பாறையோடு ஒட்டியிருக்கும். இவர்கள் பாஷையில் அதற்குக் கோர் என்று பெயர். அதை உடைத்து வெளியே எடுப்பதற்கு முன்னால், நீளமாகப் பிளவு விட்ட ஒரு பித்தளைக் குழாயை அதன் மேல் சொருகி, பிளவு வழியாகக் கம்பியை விட்டு, கல்லின் மேல்பக்கத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்த ஒரு கோடுதான் எல்லாம். கல் வெளியே வந்த பிறகு அது பாறையில் எப்படி இருந்தது என்று சொல்ல வேறு நாதி கிடையாது.

முதல் ஆறு துளை கரட்டு மேல். கடைசி மூன்றும் அடிவாரத்தில், முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிற ஒரு பாறைக்குக் கீழே. அங்கே மேல்பக்கம் கம்பியை விட இடம் பத்தாது. அந்த மாதிரி இடத்தில் குழாயைத் திருப்பிப் பிளவைக் கீழே வைத்து, கல்லின் அடிப்பக்கம் கோடு போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் நோட்டில் 'கீழ்' என்று மறக்காமல் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கணக்குப் போடுகிறவன் மேல்பக்கம் என்றே எடுத்துக்கொள்வான். அந்த மூன்று துளைகள் போன சாய்வுக்கு, கல்லின் வடக்கு தெற்காகிவிடும்.

தனப்பிரியாவின் நோட்டில் முதல் வரியில் 'மேல்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்பது வரை, அதே அதே என்று இரண்டு சின்னக் கோடு, இரண்டு சின்னக் கோடு. அவள் கையெழுத்துதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து போன் மேல் போன். கடைசி மூன்று கல்லையும் பறந்துகொண்டுதான் எடுத்தார்கள். குழாயைத் திருப்பினோமா இல்லையா? சத்தியமாக அவளுக்கு ஞாபகம் இல்லை. வந்த மாப்பிள்ளை பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவன் போனவன்தான், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அளந்து பார்த்தபோது ஆறு கல் ஒரு பக்கம் பார்த்தது, மூன்று கல் நேர் எதிர்ப்பக்கம் பார்த்தது. வளவன் துள்ளிக் குதித்தான். பாறை ஆறிக்கொண்டிருக்கும்போதே பூமியின் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருக்கின்றன என்று எழுதினான். அதை வைத்து, தென்னாட்டு நிலம் நகர்ந்த வழியையே திருத்தி வரைந்தான். பெரிய பத்திரிகையில் வந்தது. இரண்டு வருசம் கழித்து வேறொரு குழு வந்து அதே கரட்டில் இருபது துளை போட்டது. இருபதும் ஒரே பக்கம் பார்த்தன. கோடு தப்பா என்று யாரும் கேட்கவில்லை, கோடு போட்டவள்தான் 'மேல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாளே. அப்படியானால் அளந்த எண்களை மாற்றியவன் வளவன்தான் என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. வேலை போனது, பேர் போனது.

முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வளவன் அவளிடம் கேட்டான். "தனா, கீழ் மூணுக்கும் கோடு மேலதான போட்ட?"

"மேலதான் போட்டேன்."

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

"மேலதான்டா. எழுதியிருக்குதல்ல?"

பாவி வாய், அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டது. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகிற நேரம்.

அதற்கப்புறம் வளவன் மேட்டூரில் ஏதோ கம்பெனியில் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குப் போனான். ஒன்றரை வருசத்தில் அங்கேயே பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தேழு வயசு. தனப்பிரியா சாவுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள்.

கல்லை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கோரின் அடி உடைந்த இடமும், துளைக்குள் அது உடைந்துபோன இடமும் ஒன்றுக்கொன்று ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும், உடைந்த சட்டித் துண்டு மாதிரி. பொருத்திப் பார்த்து, கோடு மேலே நின்றால் அவள் சரி, வளவன் திருடன். கோடு கீழே நின்றால் வளவன் யோக்கியன், அவள்தான் அவனைக் கொன்றவள். இதற்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். எட்டு வருசமாக அவள் அந்த அலமாரிச் சாவியைத் தொடவில்லை.

தொடாவிட்டால் மட்டும் விட்டதா? கல்லை அளக்கிற மிஷின் காந்தம் நுழையாத ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. கல்லை வைத்தால் அது சுழலும், சுழலும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். வளவன் துளை போடும்போது பல்லிடுக்கில் ஒரு விசில் அடிப்பான், பாட்டும் இல்லை ராகமும் இல்லை, அதே சத்தம். முதல் தடவை கேட்டபோது திரும்பிப் பார்த்தாள். கூண்டுக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னாள், பெல்ட் மாற்றச் சொன்னாள், ஆளை வரவழைத்துப் பார்த்தாள். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம் என்றான். கொஞ்ச நாளில் அவள் கூண்டுக்குள் போவதையே நிறுத்திவிட்டாள். பிள்ளைகளை அனுப்பினாள். அவர்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாரேன் ஜோதி," என்றாள் தனப்பிரியா. சொன்ன பிறகுதான் சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

ஜோதி போனதும் அலமாரியைத் திறந்தாள். மேலே இருந்த பெட்டியில் ஒன்பது குழி. அளப்பதற்கு வெட்டியது போக மிச்சமிருக்கும் அடித்துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஏழாவது குழி காலியாக இருந்தது. சோதனைக்காகச் சூடேற்றிப் பார்க்கிறபோது உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டையும் ஒன்பதையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள்.

சனிக்கிழமை பரமத்தி வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. வாழைத் தோப்பெல்லாம் கிழிந்த துணியாக அடித்துக்கொண்டிருந்தது. ஜோதி ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். தனப்பிரியா பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள். காற்றில் பேசினாலும் கேட்டிருக்காது.

கரட்டை நெருங்கும்போது தனப்பிரியாவுக்கு அது கேட்டது. விசில். அதே பல்லிடுக்கு விசில். கூண்டுக்குள் கேட்டது போல மெல்லிசாக இல்லை, காடு முழுக்கக் கேட்டது.

"நிறுத்து ஜோதி! நிறுத்து!"

"அது ஒண்ணுமில்லீங்கக்கா. காத்துங்க. நீங்க போட்ட பொந்துங்கதான் ஊதுது. ஆடி வந்தா இப்படித்தான்." ஜோதி வண்டியை ஓரம் கட்டினாள். "ஊருல இதுக்கு ஊதுகரடுன்னே பேரு வெச்சுட்டாங்க. மொதல்ல எனக்கும் ஈரக்கொலையே நடுங்கும். இப்ப ஆடி எப்ப வரும்னு இருக்குது."

காற்றுதான். பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருகிற மாதிரிதான். தனப்பிரியாவின் படிப்புக்கு இது தெரியாததா? தெரிந்தும் அவள் ஜோதியின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை, அதை யார் என்ன செய்ய முடியும்.

மிஷின்கள் மேற்குப் பக்கம் நின்றிருந்தன. ஞாயிறு வரை வேலை இல்லை போல, ஆட்கள் யாரும் இல்லை. வெடி வைக்கிற இடத்துக்கெல்லாம் பாறையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் அடிவாரத்துக்குப் போனார்கள். துருத்திய பாறைக்குக் கீழே மூன்று துளைகள் இருந்தன. எட்டிலும் ஒன்பதிலும் கல்லுப்பும் மிளகும் அடைத்துக் கிடந்தது.

"இதென்ன கூத்து?"

"மரு வந்தா இங்க வந்து உப்பு மொளகு போடறாங்கக்கா. கோயலுக்குப் போடற மாதிரி. சாமி கண்ணு தொறந்திருக்குதுன்னு எவனோ கெளப்பி உட்டுட்டான். மரு உளுந்துருச்சுன்னு தேங்காய் ஒடச்சவங்களும் இருக்கறாங்க."

வேறு நாளாக இருந்தால் தனப்பிரியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, ஒருக்களித்துப் படுத்து, எட்டாவது துளையைச் சுரண்டினாள். உப்பு கெட்டிப்பட்டுக் கல்லாகியிருந்தது. ஜோதி பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அரை மணி நேரம் ஆனது துளை சுத்தமாக. தனப்பிரியா கைக்குட்டையை அவிழ்த்தாள். கல் கீழே விழுந்துவிடும் என்று ஜோதி அடியில் கையை ஏந்திக்கொண்டாள்.

"கோடு மேல இருந்தா என்னன்னு தெரியுமா ஜோதி உனக்கு?" என்றாள் தனப்பிரியா.

"தெரியுங்க. எங்கூட்டுக்காரரு பொய்யின்னு அர்த்தம்."

"அப்படி இருந்தா?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. எட்டு வருசமா எது நெசம்னு தெரியாம இருக்கறேன். அவரு போட்டோவப் பாத்தா ஒரு நாளைக்கு அழுகை வருது, ஒரு நாளைக்குக் கோவம் வருது. ஏதோ ஒண்ணு தெரியட்டும். வெய்யுங்கக்கா."

தனப்பிரியா கல்லை உள்ளே விட்டாள். ஒரு பென்சிலால் அடி வரை தள்ளி, மெதுவாகத் திருகினாள். சுற்றிச் சுற்றி வந்தது, எங்கேயும் உட்காரவில்லை. எங்கே உட்காருமோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திடீரென்று டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அப்புறம் கல் அசையவே இல்லை.

செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். கோடு கீழே நின்றது.

அவள் ஒன்பதாவது துளையைச் சுரண்டத் தொடங்கினாள். விரல் நகம் பேர்ந்து ரத்தம் வந்தது, அதையும் பார்க்கவில்லை. ஒன்பதாவது கல்லும் டக்கென்று உட்கார்ந்தது. கோடு கீழே.

"என்னங்கக்கா? சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"சித்த இரு." ஏழாவது துளையில் உப்பு இல்லை, அது ரொம்ப உள்ளே தள்ளி இருந்தது, ஊர்க்காரர்கள் கண்ணில் படவில்லை. வைத்துப் பார்க்கக் கல்லும் இல்லை. இருந்தாலும் அவள் விரலை உள்ளே விட்டாள். ஆழமாகப் போக வேண்டிய விரல் இரண்டாவது கணுவிலேயே முட்டியது. வழவழவென்று இருந்தது, ரம்பத்தால் வெட்டின முகம்.

வெளிச்சத்தை அடித்தாள். ஏழாவது துளைக்குள் ஏழாவது கல் இருந்தது.

கோடு கீழே நின்றது. வெட்டின முகத்தில் ஆய்வுக்கூடத்து வைர ஊசியால் கீறி எழுதியிருந்தது. 'கீழ்.' அதற்கடியில் தேதி, 19-8-17. அந்த 'ழ்' வளவனுடையது. வாலை நீட்டி இழுத்து விடுவான், அவள் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறாள்.

அவளால் படுத்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. தேதி ஒன்றும் மறக்கிற தேதி இல்லை. விசாரணைக் குழு அவனைக் கூப்பிட்ட வாரம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வளவனிடமிருந்து நாலு போன். நாலையும் அவள் எடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் போனை வைத்து அதன் மேல் படுத்துக்கொண்டாள். மறுநாளும் திருப்பிக் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் அவனும் கூப்பிடவில்லை.

"அவனுக்குத் தெரியும் ஜோதி," என்றாள். "இங்க வந்து வெச்சுப் பாத்திருக்கறான். தப்பு என் மேலதான். கோட்டைக் கீழ போட்டது நான். எழுதாம உட்டது நான். கேட்டதுக்கு மேலன்னு சாதிச்சதும் நான். அளந்த எண்ணுல ஒண்ணைக்கூட அவன் மாத்தலை."

ஜோதி குனிந்து துளைக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனப்பிரியா அவள் தோளைத் தொடப் போனாள், ஜோதி தட்டிவிட்டாள்.

"அப்பறம் எதுக்கு அவரு யாருகிட்டயும் சொல்லலை?"

"சொன்னா எவன் நம்புவான்? தப்பிக்கறதுக்கு அடுத்தவ மேல பழி போடறான்னுவாங்க. குறி போட்டவ நான். நான் ஒத்துக்கிட்டாத்தான் அது செல்லும். அதுக்குத்தான் எனக்குப் போன் பண்ணுனான்."

"நீங்க?"

"எடுக்கலை."

காற்று சித்த நேரம் நின்றது, கரடும் சத்தத்தை நிறுத்தியது. ஜோதி சொன்னாள். "மேட்டூருல இருந்தப்ப ராப்பகலா போனைப் பக்கத்துலயே வெச்சிருப்பாருங்கக்கா. குளிக்கப் போனாக்கூட எங்கிட்டக் குடுத்து, வந்தா எடு, எடுன்னு சொல்லுவாரு. யாரு கூப்புடப் போறான்னு நான் சண்டை போடுவேன். உங்க போனுக்காகத்தான் காத்துட்டு இருந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லீருந்தா என்ர புருசன் இருந்திருப்பாருங்க."

தனப்பிரியா கல்லைத் துளையோடு படம் எடுத்தாள், மூன்றையும், கோடு தெரிகிற மாதிரி. "இன்னைக்கே பத்திரிகைக்கு எழுதறேன். விசாரணைக் குழுவுக்கும் எழுதறேன். என் வேலை போனாலும் போகட்டும்," என்றாள்.

"அதெல்லாம் அப்பறம் எழுதிக்குங்க. மொதல்ல எங்க மாமாகிட்ட வந்து சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு பேரை அந்த ஊட்டுல சொல்லி எட்டு வருசமாச்சு."

வளவனின் அப்பா ரங்கன் வாய்க்கால் ஓரத்து வீட்டில் இருந்தார். எழுபத்தைந்து வயசு. மகன் செத்த பிறகு மருமகளைக் கூட்டி வந்து மகளாகத்தான் வைத்திருக்கிறார், ஒரு குறை சொல்ல முடியாது. மகன் பேச்சு மட்டும் கூடாது. ஜோதி போட்டோவைக்கூடப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தாள். தென்னையோலைக் கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலையை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தவர், சேலத்து ஆளைப் பார்த்ததும் வாங்க என்றார்.

"மாமா, இவிங்க அவருகூட வேலை பாத்தவிங்க," என்றாள் ஜோதி.

ரங்கன் முகம் சட்டென்று இறுகியது. "அந்தப் பேச்சு இங்க வேண்டாம்னு சொல்லியிருக்கறனல்லொ."

"ஐயா, நான் பேச வரலீங்க. ஒரு தப்பை ஒத்துக்கிட்டுப் போக வந்தேன்," என்று தனப்பிரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிஷின், குழாய், கோடு, நோட்டு என்று ஒன்று விடாமல் சொன்னாள். செல்போனில் படத்தைக் காட்டினாள். பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கோட்டைக் கீழ போட்டது நீ."

"ஆமாங்கய்யா."

"எழுதாம உட்டதும் நீ."

"ஆமாங்க."

"அப்ப என்ர பையன் எதையும் மாத்தலை."

"மாத்தலீங்க. அவன் மேல ஒரு சொட்டுத் தப்பு இல்லீங்கய்யா."

திட்டுவார், கையை ஓங்குவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தனப்பிரியா காத்திருந்தாள். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பெரியவர் கட்டின வெற்றிலைக் கட்டை அவிழ்த்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். பத்துக்கு மேல் போகவில்லை.

"டீக்கடையில நாலு பேரு கேட்டாங்க," என்றார். "உன்ர பையன் கல்லுல பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கிட்டானாமான்னு. தல தூக்க முடியலை. அன்னிக்குப் பொழுதோட இவன் வந்து நின்னான். நல்ல மழை. வாசல்ல நின்னுட்டு, அப்பா, நான் செய்யலீங்கப்பான்னான். நான் உள்ள தாப்பாளைப் போட்டுட்டேன். மூணு தடவ கூப்புட்டான். கேட்டுட்டேதான் உக்காந்திருந்தேன். பொறவு சத்தத்தக் காணோம். எட்டிப் பாத்தா ஆளக் காணோம்."

ஜோதிக்கே இது புதுசு.

"அதுக்கப்பறம் நான் அவனெப் பொணமாத்தான் பாத்தேன். ஆனா மனசுல ஒரு தெம்பு இருந்துச்சு சாமி. பொய் சொன்னவனெத்தான வெளிய நிறுத்துனேன், நாம செஞ்சது நாயந்தான்னு. அதெ வெச்சுத்தான் சோறு தின்னேன், தூங்குனேன். அதெயும் இன்னிக்கு வந்து எடுத்துக்கிட்டயே கண்ணு."

"ஐயா..." என்றாள் தனப்பிரியா.

ரங்கன் மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே தட்டிவிட்டு எழுந்தார். தள்ளாடாமல், நிதானமாக நடந்து வீட்டுக்குப் போனார். இரட்டைக் கதவில் ஒன்று திறந்துதான் இருந்தது. மற்றதற்குப் பின்னால் சாத்தியிருந்த நெல் மூட்டையை மூச்சுப் பிடித்து நகர்த்தி, அந்தக் கதவையும் திறந்தார். நிலைப்படியில் கையை ஊன்றி நின்றுகொண்டு வழியைப் பார்த்தார். வெளியே ஆடி வெயில் தீயாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"வளவா," என்று கூப்பிட்டார், காட்டிலிருந்து வருகிற பையனைக் கூப்பிடுகிற குரலில். "நனையாத சாமி. உள்ள வா."

ஜோதியும் தனப்பிரியாவும் வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள்.